கருந்துளைக்குள் போனது திரும்பாது. பிறகு இந்தக் காமா கதிர் எங்கிருந்து வருகிறது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "சில கேலக்ஸிகளின் நடுவில் ராட்சதக் கருந்துளை இருக்கிறது, அதிலிருந்து ஒளிகூடத் தப்பாது என்கிறார்கள். அதே கேலக்ஸிகளிலிருந்துதான் எக்ஸ் கதிரும் காமா கதிரும் கொட்டுகின்றன என்றும் சொல்கிறார்கள். இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? அந்தக் கதிர் சரியாக எந்த இடத்தில் பிறக்கிறது?"

முதல் பாதிக்குப் பதில் சுலபம். கருந்துளையின் எல்லையைத் தாண்டி உள்ளே போனதுதான் திரும்பாது. கதிரெல்லாம் அந்த எல்லைக்கு வெளியே பிறக்கிறது. இரண்டாம் பாதிதான் வம்பு. "எந்த இடத்தில்" என்று கேட்டுவிட்டீர்கள். அங்கேதான் வானியலாளர்கள் அறுபது ஆண்டுகளாக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஒரே இடமில்லை என்பது மட்டும் உறுதியாகத் தெரிகிறது. இடத்தைக் கண்டுபிடிக்க அவர்களிடம் இருக்கும் முக்கியமான கருவி, கேட்டால் சிரிப்பீர்கள், கடிகாரம். அதனால் இந்தப் பதில் முழுக்கக் கடிகாரம் வந்துகொண்டே இருக்கும்.

முதலில் ஆற்றல் எங்கிருந்து என்று பார்த்துவிடலாம். உயரத்திலிருந்து விழும் தண்ணீரில் மின்சாரம் எடுக்கிறோம் அல்லவா, அதே கணக்குதான். கருந்துளையை நோக்கி விழும் வாயு நேராக உள்ளே போகாது. சுற்றிச் சுற்றி ஒரு வட்டாகப் படியும், ஒன்றோடொன்று உரசிச் சூடாகி ஒளியை உமிழ்ந்தபடி மெல்ல உள்ளே இறங்கும். சூரியனுக்குள் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும்போது நிறையில் 0.7 சதவீதம்தான் ஆற்றலாகிறது. கருந்துளையைச் சுற்றி விழும் வாயுவில் 6 சதவீதம் முதல், கருந்துளை மிக வேகமாகத் தன்னைத்தானே சுற்றினால் 40 சதவீதம்வரைகூட ஆற்றலாக முடியும். பத்து சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு ஒரு சூரியன் அளவு வாயு விழுந்தால் போதும், ஒன்றரை லட்சம் கோடி சூரியன்களின் வெளிச்சம் வந்துவிடும். நம் பால்வீதியின் எல்லா நட்சத்திரங்களையும் சேர்த்தாலும் அவ்வளவு வராது.

சரி, அந்தச் சூடான வட்டுதான் காமா கதிரைத் தருகிறதா? இல்லை. இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஒளித்துகளின் ஆற்றலை எலக்ட்ரான்வோல்ட் என்ற சின்ன அலகில் அளப்பார்கள். நம் கண்ணில் படும் ஒளியின் ஒரு துகளுக்கு 2 அல்லது 3 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல். எக்ஸ் கதிர்த் துகளுக்கு ஆயிரக்கணக்கில். ஃபெர்மி விண்கலம் பார்க்கும் காமா துகளுக்குப் பத்துக் கோடியும் அதற்கு மேலும். தரையிலுள்ள காமா தொலைநோக்கிகள் பார்ப்பதோ லட்சம் கோடி எலக்ட்ரான்வோல்ட் சமாச்சாரம். ராட்சதக் கருந்துளையைச் சுற்றியுள்ள வட்டு சுமார் ஒரு லட்சம் டிகிரிவரைதான் சூடாகும். கருந்துளை பெரிதாக ஆக வட்டின் சூடு குறையும் என்பது வேறு விஷயம். நம்ப முடியாமல் இருக்கும், ஆனால் கணக்கு அப்படித்தான். ஒரு லட்சம் டிகிரியில் புற ஊதா ஒளி வரும், அவ்வளவே. வெறும் சூட்டால் லட்சம் கோடி எலக்ட்ரான்வோல்ட் கதிர் வேண்டுமென்றால் கோடி கோடி டிகிரி வேண்டும். அப்படியோர் அடுப்பு அங்கே கிடையாது. ஆகவே எக்ஸ் கதிருக்கும் காமா கதிருக்கும் சூட்டைத் தவிர வேறு வழி இருந்தாக வேண்டும்.

எக்ஸ் கதிரின் வழி ஓரளவு பிடிபட்டுவிட்டது. வட்டுக்கு மேலே, கருந்துளைக்கு மிக நெருக்கமாக, மெல்லிய ஆனால் கொதிக்கும் எலக்ட்ரான் மேகம் ஒன்று இருக்கிறது. சுமார் நூறு கோடி டிகிரி. இதற்குப் பெயர் கரோனா. (2020ஐ நினைத்துப் பதற வேண்டாம், கிரகணத்தின்போது சூரியனைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டத்துக்கு வைத்த பெயரை இதற்கும் வைத்திருக்கிறார்கள்.) வட்டிலிருந்து கிளம்பும் புற ஊதாத் துகள் இந்த மேகத்துக்குள் நுழைந்தால், ஓடிக்கொண்டிருக்கும் எலக்ட்ரான்கள் அதை அடிக்கின்றன. கேரம் பலகையில் வேகமாக வரும் ஸ்ட்ரைக்கர் தன் வேகத்தில் கொஞ்சத்தைக் காய்க்குக் கொடுப்பதுபோல. நாலைந்து அடி வாங்கி வெளியே வரும்போது அது எக்ஸ் கதிராகியிருக்கும். காம்ப்டன் கண்டுபிடித்த நிகழ்வில் ஒளி எலக்ட்ரானுக்கு ஆற்றல் கொடுக்கும். இங்கே எலக்ட்ரான் ஒளிக்குக் கொடுக்கிறது. அதனால் இதை எதிர்க் காம்ப்டன் என்பார்கள். பதில் முழுவதும் இந்தப் பெயர் தேவைப்படும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மேகம் கருந்துளைக்கு நெருக்கமாக இருக்கிறது என்று யார் போய்ப் பார்த்தார்கள்? கடிகாரம்தான் சொன்னது. 1ஹெச் 0707-495 என்றொரு கேலக்ஸி. ஐரோப்பாவின் எக்ஸ்எம்எம்-நியூட்டன் விண்கலம் அதன் எக்ஸ் கதிரை நீண்ட நேரம் கவனித்தது. கரோனாவிலிருந்து நேரே வரும் கதிர் கூடிக் குறைகிறது. அதே ஏற்ற இறக்கம், வட்டிலுள்ள இரும்பு அணுக்களில் பட்டுத் திரும்பி வரும் கதிரிலும் தெரிகிறது, ஆனால் சுமார் 30 விநாடி பின்தங்கி. மலையடிவாரத்தில் நின்று கைதட்டினால் எதிரொலி எவ்வளவு தாமதமாக வருகிறது என்று பார்த்து மலையின் தூரத்தைச் சொல்லலாம் அல்லவா? அந்தக் கணக்குதான். 30 விநாடியில் ஒளி 90 லட்சம் கிலோமீட்டர் போகும். பல லட்சம் சூரிய நிறையுள்ள கருந்துளைக்கு அது வாசற்படியில் நிற்கும் தூரம். 2009இல் இது வெளிவந்தபோது, கரோனாவின் இடம் பற்றிய சண்டையில் பாதி ஓய்ந்தது.

ஆனால் கரோனாவால் ஏறக்குறைய ஒரு லட்சம், இரண்டு லட்சம் எலக்ட்ரான்வோல்ட்வரைதான் போக முடியும். அடிக்கிற எலக்ட்ரானிடமே அதற்குமேல் சரக்கு இல்லை. காமா கதிருக்கு வேறிடம் போக வேண்டும்.

இப்படி நடுவிலுள்ள கருந்துளை வாயுவை விழுங்கிப் பிரகாசிக்கும் கேலக்ஸிகளைச் செயல்படும் கேலக்ஸிகள் என்பார்கள். அவற்றில் பத்தில் ஒன்று என்ற அளவில், நடுவிலிருந்து இரண்டு பக்கமும் தாரை பீய்ச்சியடிக்கிறது. ஜெட் என்று சொல்வதும் உண்டு. இதை முதலில் பார்த்தவர் ஹீபர் கர்ட்டிஸ். 1918இல் எம்87 கேலக்ஸியின் படத்தில் நடுவிலிருந்து நேராக ஒரு ஒளிக்கோடு கிளம்புவதைக் குறித்து வைத்தார். அது என்னவென்று அவருக்கோ வேறு யாருக்கோ அப்போது தெரியாது. கேலக்ஸி என்பது நமக்கு வெளியே உள்ள தனி உலகம் என்பதே அன்றைக்கு முடிவாகவில்லை.

வாயில் போட்டதெல்லாம் விழுங்கும் கருந்துளை ஏன் துப்புகிறது? 1977இல் பிளான்ட்ஃபோர்டும் ஸ்னாயெக்கும் ஒரு வழி சொன்னார்கள். விழும் வாயு தன்னோடு காந்தப்புலத்தையும் இழுத்து வருகிறது. கருந்துளை சுழலும்போது சுற்றியுள்ள வெளியையே சேர்த்து இழுத்துச் சுழற்றும். காந்தக்கோடுகள் கயிறு திரிப்பதுபோல முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு மேலும் கீழும் அவிழும்போது கருந்துளையின் சுழற்சி ஆற்றலை எடுத்துக்கொண்டு வெளியே பாயும். கருந்துளைக்கு உள்ளே போன பொருள் எதுவும் வெளியே வரவில்லை. வருவது சுழற்சியின் ஆற்றல். பம்பரத்தின் வேகத்தைத் திருடி வாழ்கிற ஏற்பாடு. கணினிச் செய்முறைகளும் எம்87இல் பார்த்தவையும் இதற்குச் சாதகமாகத்தான் இருக்கின்றன. எனக்கும் இதில் பெரிய சந்தேகமில்லை.

தாரையின் வேகம்தான் எல்லாவற்றையும் குழப்பியது. 3சி 273 என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதன்முதலில் அடையாளம் தெரிந்த குவாசார், அதாவது தூரத்திலிருந்தும் நட்சத்திரம்போல் தெரியுமளவுக்குப் பிரகாசமான செயல்படும் கேலக்ஸியின் மையம். 1962இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியில், நிலா அதை மறைக்கும் நொடியையும் மறுபடி விடுவிக்கும் நொடியையும் குறித்து அதன் துல்லியமான இடத்தைப் பிடித்தார்கள். அங்கேயும் கடிகாரம்தான். அடுத்த ஆண்டு மார்ட்டன் ஷ்மிட் அதன் நிறமாலையைப் படித்து, அது 200 கோடி ஒளியாண்டுக்கு மேல் தள்ளி இருக்கிறது என்றார். (நம் ஊட்டியில் முத்தோரை மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறதே, 1970இல் வேலையைத் தொடங்கிய அந்த ரேடியோ தொலைநோக்கி, அதைக் கட்டியதே இந்த நிலா மறைப்பு வேலைக்காகத்தான். அந்தப் பக்கம் போனால் எட்டிப் பாருங்கள்.)

பிறகு கண்டம் விட்டுக் கண்டம் ரேடியோ தொலைநோக்கிகளை இணைத்து 3சி 273, 3சி 279 இரண்டையும் பார்த்தபோது, தாரையிலுள்ள கட்டிகள் ஒளியைவிடப் பல மடங்கு வேகத்தில் நகர்வதுபோலத் தெரிந்தது. ஐன்ஸ்டைன் தோற்றுவிட்டார் என்று எழுதச் சிலருக்குக் கை அரித்திருக்கும். அதற்கு முன்பே, 1966இல், மார்ட்டின் ரீஸ் இப்படித் தெரியக்கூடும் என்று கணக்குப் போட்டுவிட்டார். அந்தக் கணக்கை நீங்களே போடலாம், ரொம்பச் சின்னது.

ஒரு கட்டி ஒளியின் வேகத்தில் 99 சதவீதத்தில் நம்மை நோக்கி வருகிறது. இன்றைக்கு ஒரு மின்னல் மின்னுகிறது. 100 நாள் கழித்து இன்னொன்று. முதல் மின்னலின் ஒளி அந்த 100 நாளில் 100 ஒளிநாள் தூரம் வந்துவிட்டது. கட்டியும் சும்மா இருக்கவில்லை, 99 ஒளிநாள் தூரம் பின்னாலேயே வந்துவிட்டது. ஆக இரண்டாவது மின்னல் முதலாவதைவிட ஒரே ஒரு ஒளிநாள்தான் பின்தங்கியிருக்கும். நமக்கு இரண்டும் ஒருநாள் இடைவெளியில் வந்து சேரும். நூறு நாள் கதை ஒரு நாளில் ஓடிவிடுகிறது. கட்டி சற்றே பக்கவாட்டிலும் நகர்ந்திருந்தால், அந்த நகர்வையும் நாம் ஒரே நாளில் பார்ப்போம். ஒளியை மிஞ்சியதாகத் தோன்றும். நம் பார்வைக்கோட்டுக்கு 8 டிகிரி சாய்வாக 99 சதவீத வேகத்தில் வந்தால், ஒளியைப்போல் 7 மடங்கு வேகமாகத் தெரியும்.

காலம் சுருங்குவதோடு வெளிச்சமும் கூடுகிறது. இப்படி வேகமாக வரும் பொருள், தன் ஒளியையெல்லாம் போகிற திசையில் ஒரு குறுகிய கூம்புக்குள் குவிக்கும். கூம்புக்குள் நாம் மாட்டினால் அது ஆயிரம் மடங்கு, பத்தாயிரம் மடங்கு பிரகாசமாகத் தெரியும். எதிர்ப்பக்கத் தாரை அதே காரணத்தால் மங்கி மறைந்துவிடும். அதனால்தான் எம்87இல் கர்ட்டிஸுக்கு ஒரு பக்கக் கோடு மட்டும் தெரிந்தது. தாரை கிட்டத்தட்ட நேராக நம் முகத்தை நோக்கி அடிக்கும் கேலக்ஸிகளுக்கு பிளேசார் என்று பெயர். கேலக்ஸிக்கும் நமக்கும் இதில் எந்த உறவும் இல்லை, நாம் நிற்கிற இடம் அப்படி அமைந்துவிட்டது.

1991 ஏப்ரலில் காம்ப்டன் காமா கதிர் விண்கலம் மேலே போனது. ஜூனில் அதன் எக்ரெட் கருவி 3சி 273 இருக்கும் பகுதியைப் பார்த்தது. அது ஏற்கெனவே தெரிந்த காமா கதிர்க் கேலக்ஸி. ஆனால் அதே பார்வைப் பரப்பில், அதைவிடப் பிரகாசமாக, யாரும் எதிர்பாராத ஒன்று கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. 3சி 279. அடுத்த ஆண்டே அரிசோனாவின் விப்பிள் தொலைநோக்கி, மார்க்கேரியன் 421 என்ற பிளேசாரிலிருந்து லட்சம் கோடி எலக்ட்ரான்வோல்ட் காமா கதிரைப் பிடித்தது. அதற்குப் பிறகு பிளேசார்கள் வரிசையில் நின்றன. இன்றைக்கு ஃபெர்மியின் பட்டியலில் நம் பால்வீதிக்கு வெளியே உள்ளவற்றில் பெரும்பாலானவை இவைதான்.

3சி 279 இன்னொன்றையும் உறுதிசெய்தது. காமா துகளும் எக்ஸ் கதிர்த் துகளும் நெருக்கடியான இடத்தில் மோதினால் இரண்டும் மறைந்து ஓர் எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் பிறக்கும். 3சி 279இன் வெளிச்சமும், அது மாறுகிற வேகமும் தெரியும். அந்த இடம் அசையாமல் இருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், உள்ளே அத்தனை கூட்டம். ஒரு காமா துகளும் வெளியே வந்திருக்க முடியாது. ஆனால் வருகிறது. ஆகவே வெளிச்சம் மிகைப்படுத்தப்பட்டுத் தெரிகிறது, இடம் நாம் நினைத்ததைவிடப் பெரியது. அதாவது காமா கதிர் பிறப்பது நம்மை நோக்கிப் பாயும் தாரையில்.

தாரைக்குள் என்ன நடக்கிறது? பிளேசாரின் நிறமாலையை ரேடியோ முதல் காமாவரை ஒரே தாளில் வரைந்தால் ஒட்டகத்தின் முதுகுபோல இரண்டு திமில் தெரியும். முதல் திமிலில் சண்டை இல்லை. தாரையிலுள்ள எலக்ட்ரான்கள் காந்தக்கோடுகளைச் சுற்றிச் சுழலும்போது கதிரை உமிழ்கின்றன. சிங்க்ரோட்ரான் கதிர் என்று பெயர்; 1947இல் ஓர் ஆய்வக எந்திரத்தில் முதலில் பார்த்ததால் எந்திரத்தின் பெயரே நிலைத்துவிட்டது. இரண்டாவது திமில், காமா திமில், பெரும்பாலும் மறுபடி எதிர்க் காம்ப்டன். கரோனாவில் நடந்த அதே அடி, ஆனால் அடிக்கிற ஸ்ட்ரைக்கர் வேறு ரகம். இங்கே எலக்ட்ரானின் ஆற்றல், அது அசையாமல் நிற்கும்போது உள்ள ஓய்வுநிலை ஆற்றலைப்போலப் பத்தாயிரம் மடங்கு இருக்கலாம். ஒளித்துகளின் ஆற்றல் அதன் இருமடியால், அதாவது பத்துக் கோடி மடங்கு உயரும். 2 எலக்ட்ரான்வோல்ட் ஒளி ஒரே அடியில் 20 கோடி எலக்ட்ரான்வோல்ட் காமா ஆகிவிடும்.

அடி வாங்கும் ஒளி எங்கிருந்து வந்தது என்பதில் இரண்டு வகை உண்டு. மார்க்கேரியன் 421 போன்றவற்றில், எலக்ட்ரான்கள் தாங்களே உமிழ்ந்த சிங்க்ரோட்ரான் ஒளியைத் தாங்களே அடிக்கின்றன. எக்ஸ் கதிர் எகிறும்போது பெரும்பாலும் உயர் ஆற்றல் காமாவும் கூடவே எகிறுகிறது; ஒரே எலக்ட்ரான் கூட்டம் இரண்டு வேலையும் பார்ப்பதற்கு அதுவே அடையாளம். 3சி 279 போன்ற வளமான குவாசார்களில் வட்டிலிருந்தும் சுற்றியுள்ள வாயு மேகங்களிலிருந்தும் தூசியிலிருந்தும் வெளியொளி ஏராளம். அதை அடித்தே பெரும் பங்கு காமா உண்டாகிறது.

எலக்ட்ரானுக்கு அவ்வளவு ஆற்றலை யார் கொடுத்தது? 1949இல் என்ரிகோ ஃபெர்மி சொன்ன யோசனையின் வழிவந்த விளக்கம் இது: தாரையில் பின்னால் வரும் வேகமான பொருள் முன்னால் போகும் மெதுவான பொருளை முட்டும்போது அதிர்ச்சி அலை உண்டாகிறது. அதன் இரு பக்கமும் முட்டி முட்டித் திரும்பும் எலக்ட்ரான், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆற்றல் சேர்க்கும். இரண்டு டேபிள் டென்னிஸ் மட்டைகளுக்கு நடுவே பந்து தட்டிக்கொண்டே மட்டைகளை நெருக்கிப் பாருங்கள், பந்து வெறிபிடித்துப் போகும். இன்னொரு விளக்கம், எதிரெதிர்த் திசையில் ஓடும் காந்தக்கோடுகள் அறுந்து மறுபடி இணையும்போது தேங்கிய ஆற்றல் துகள்களுக்குப் போகிறது என்பது.

இதில் எது? 2021 டிசம்பரில் ஏவிய இக்ஸ்பி விண்கலம் எக்ஸ் கதிரின் முனைவாக்கத்தை, அதாவது அதன் அலைகள் எவ்வளவு தூரம் ஒரே திசையில் அதிர்கின்றன என்பதை அளக்கிறது. 2022இல் அது மார்க்கேரியன் 501 என்ற பிளேசாரைப் பார்த்தபோது, எக்ஸ் கதிரில் முனைவாக்கம் சுமார் 10 சதவீதம், கண்ணுறு ஒளியில் அதைவிடக் குறைவு. அதிக ஆற்றலுள்ள எலக்ட்ரான்கள் பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, காந்தப்புலம் ஒழுங்காக உள்ள இடத்தில், ஆற்றலைக் கொட்டித் தீர்த்துவிடுகின்றன. மற்றவை கலங்கிய இடம்வரை போகின்றன என்று அர்த்தம். அதிர்ச்சி அலைக்கு இது நல்ல சாட்சி. ஆனால் எல்லா நாளும் அமைதியான நாளில்லையே.

2006 ஜூலை 28. நமீபியாவில் ஹெஸ் தொலைநோக்கிகள் பிகேஎஸ் 2155-304 என்ற பிளேசாரைப் பார்த்துக்கொண்டிருந்தன. எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஒரு வார்த்தை: காமா துகள் தரைக்கு வராது. சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் காற்றில் மோதி, துகள் மழையாகச் சிதறும். அந்த மழை சில நானோவிநாடி மட்டும் நீல ஒளியை விசிறும். தரையில் 120 மீட்டர் ஆரத்துக்கு விழும் அந்தப் பளிச்சை, பெரிய கண்ணாடிகளால் பிடிக்கிறார்கள். லடாக்கின் ஹான்லேயில் 4,270 மீட்டர் உயரத்தில் நிற்கும் 21 மீட்டர் மேஸ் தொலைநோக்கியும் இதே வேலைக்குத்தான்.

அன்றிரவு அந்தப் பிளேசாரின் காமா வெளிச்சம், காமா வானத்தின் அளவுகோலான நண்டு நெபுலாவைச் சராசரியாக ஏழு மடங்கு மிஞ்சியது. அது பெரிதல்ல. வெளிச்சம் மூன்று நிமிடத்தில் இரட்டித்தது. இங்கே கடிகாரத்தை வெளியே எடுங்கள். ஒரு பொருள் தன் குறுக்களவை ஒளி கடக்கும் நேரத்தைவிட வேகமாக முழுசாக மாற முடியாது. அந்தக் கருந்துளையை நூறு கோடி சூரிய நிறை என்று வைத்தால், அதன் ஆரத்தை மட்டும் கடக்கவே ஒளிக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். மூன்று நிமிடம் எங்கே, இரண்டே முக்கால் மணி எங்கே? முன்னே சொன்ன காலச் சுருக்கத்தைப் பயன்படுத்தலாம், ஆனால் 50 மடங்குக்கு மேல் சுருங்க வேண்டும். ரேடியோவில் இதே வகைப் பிளேசார்களின் கட்டிகள் அவ்வளவு அவசரம் காட்டுவதில்லை.

இதற்காகச் சொன்ன விளக்கங்களில் எனக்குப் பிடித்தது, தாரைக்குள் தாரை. ஓடும் ரயிலுக்குள் ஒருவன் முன்பக்கம் பந்தெறிவதுபோல, வேகமாகப் போகும் தாரைக்குள் காந்தக்கோடுகள் அறுந்து இணையும் இடத்தில் சின்னச் சின்னப் பிளாஸ்மா (மின்னேற்றமுள்ள வாயு) கட்டிகள் இன்னும் வேகமாக உதைக்கப்படுகின்றன. அதில் ஒன்று தற்செயலாக நம் பக்கம் திரும்பினால் இப்படியொரு வெடிப்பு. அமைதியான நாளில் அதிர்ச்சி அலை, வெறிபிடித்த இரவில் காந்த மறு இணைப்பு என்று இரண்டும் இருக்கலாம் என்பது என் எண்ணம். ஒன்றுதான் சரி என்று அடித்துப் பேசுபவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

இப்போது எம்87க்குத் திரும்புவோம். உங்கள் "எந்த இடத்தில்" கேள்விக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஐந்தரைக் கோடி ஒளியாண்டு தூரம். இந்த விஷயத்தில் அது பக்கத்து வீடு. தாரை நம் முகத்துக்கு நேராக இல்லாமல் சாய்வாகப் போவதால் அதன் நீளத்தையே பார்க்க முடிகிறது, சுமார் 5,000 ஒளியாண்டு. 2019 ஏப்ரலில் வெளியான அந்த ஆரஞ்சு வளையப் படம் இதன் கருந்துளைதான், 650 கோடி சூரிய நிறை.

2005இல் எம்87 உயர் ஆற்றல் காமாவில் வெடித்தது. ஓரிரு நாளில் வெளிச்சம் மாறியது, ஆகவே பிறப்பிடம் சின்னது. அதே சமயத்தில் சந்திரா விண்கலம், தாரையில் கருந்துளையிலிருந்து குறைந்தது 200 ஒளியாண்டு தள்ளியிருக்கும் ஹெச்எஸ்டி-1 என்ற முடிச்சு எக்ஸ் கதிரில் பலமடங்கு கொழுந்துவிட்டதைப் பார்த்தது. (சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகரின் பெயர் தாங்கிய விண்கலம்.) சரி, குற்றவாளி முடிச்சுதான் என்று பலரும் எழுதினார்கள். 2008இல் மறுபடி வெடித்தது. இம்முறை முடிச்சு சும்மா இருந்தது. கருந்துளைக்கு ஒட்டிய ரேடியோ மையம் மெல்ல மெல்லப் பிரகாசமாகிக்கொண்டே போனது. அப்படியானால் மையம். 2010இல் மூன்றாவது வெடிப்பு. மையத்தின் எக்ஸ் கதிர் எகிறியது, ரேடியோ அசையவே இல்லை. ஒரே கேலக்ஸி, ஐந்து வருடம், மூன்று வாக்குமூலம்!

தொலைநோக்கிகளின் குறை இது. உயர் ஆற்றல் காமா தொலைநோக்கியால் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் பிரித்துப் பார்க்க முடியும். எம்87இன் முழுத் தாரையும் அதற்குள் ஒரு புள்ளியாக அடங்கிவிடும். அதனால்தான் மற்ற அலைநீளங்களில் எது அதே நேரம் துடித்தது என்று பார்த்து ஆளைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. விதிவிலக்கு ஒன்று உண்டு. சென்டாரஸ் ஏ என்ற கேலக்ஸி நமக்கு ஒரு கோடியே இருபது லட்சம் ஒளியாண்டில் இருப்பதால், ஹெஸ் குழு 2020இல் அதன் காமா ஒரு புள்ளியாக இல்லை, தாரையின் வாக்கில் நீண்டிருக்கிறது என்று காட்டிவிட்டது. கருந்துளையிலிருந்து ஆயிரக்கணக்கான ஒளியாண்டு தள்ளியும் எலக்ட்ரான்கள் புதிதாக முடுக்கப்படுகின்றன. கருந்துளைப் பக்கம் முடுக்கியது அவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது. அவ்வளவு ஆற்றலுள்ள எலக்ட்ரான் வழியிலேயே எல்லாவற்றையும் ஒளியாகச் செலவழித்துவிட்டு ஓய்ந்திருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் எலக்ட்ரான் கதை. தாரையில் புரோட்டான்கள் இல்லையா? இருந்தால் அவையும் முடுக்கப்படும், எலக்ட்ரானைப்போல வழியில் ஆற்றலைச் சிந்தாமல் மிக உயரத்துக்குப் போகும். ஒளியோடு மோதிப் பயான் என்ற, கணநேரமே வாழும் துகள்களை உண்டாக்கும். பயான்கள் சிதைந்து காமாவும், எதோடும் எளிதில் மோதாத நியூட்ரினோ என்ற துகளும் வரும். காமாவை மட்டும் பார்த்தால் அது எலக்ட்ரான் சரக்கா புரோட்டான் சரக்கா என்று சொல்வது கஷ்டம். நியூட்ரினோ வந்தால் புரோட்டான் இருக்கிறது என்று அடித்துச் சொல்லலாம்.

2017 செப்டம்பர் 22 அன்று தென் துருவப் பனிக்குள் புதைந்திருக்கும் ஐஸ்கியூப் என்ற நியூட்ரினோ கருவி, சுமார் 290 லட்சம் கோடி எலக்ட்ரான்வோல்ட் நியூட்ரினோ ஒன்றைப் பிடித்து, ஒரு நிமிடத்துக்குள் உலகத்துக்கே தகவல் அனுப்பியது. அது வந்த திசையில் டிஎக்ஸ்எஸ் 0506+056 என்ற பிளேசார் காமாவில் எரிந்துகொண்டிருந்தது. பெரிய கொண்டாட்டம். பழைய பதிவுகளைப் புரட்டியபோது 2014-15இலும் அதே திசையிலிருந்து பத்துப் பன்னிரண்டு நியூட்ரினோ அதிகமாக வந்திருந்தது தெரிந்தது. ஆனால் அப்போது பிளேசார் காமாவில் சும்மா இருந்தது. காமாவும் நியூட்ரினோவும் சேர்ந்தே வரும் என்ற எளிய படத்துக்கு இது ஒத்துவரவில்லை.

2022 நவம்பரில் அடுத்த அடி. ஐஸ்கியூப் பத்தாண்டுப் பதிவுகளில் சுமார் 80 நியூட்ரினோக்கள் என்ஜிசி 1068 என்ற கேலக்ஸியிலிருந்து வந்திருப்பதாகச் சொன்னது. இது பிளேசார் இல்லை. நம்மை நோக்கிப் பாயும் தாரை கிடையாது. தூசித் திரைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், எக்ஸ் கதிர் கரோனா உள்ள, சாதாரணச் செயல்படும் கேலக்ஸி, 4.7 கோடி ஒளியாண்டு தூரம். அந்த நியூட்ரினோக்களுக்கு ஈடான உயர் ஆற்றல் காமா இங்கிருந்து வந்திருக்க வேண்டும். மேஜிக் என்ற காமா தொலைநோக்கிகள் பல மணி நேரம் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை.

காரணம் முன்பே சொன்னதுதான். காமா துகளும் எக்ஸ் கதிர்த் துகளும் நெருக்கடியில் சந்தித்தால் இரண்டும் காலி. கருந்துளையின் வாசலில் உள்ள அந்தக் கரோனாவுக்குள் எக்ஸ் கதிர் அவ்வளவு அடர்த்தி. புரோட்டான்கள் அங்கேயே முடுக்கப்பட்டு அங்கேயே மோதினால், பிறக்கும் காமா வெளியே வராமல் எலக்ட்ரான் ஜோடிகளாக உடைந்து, மறுபடி காமா ஆகி, மறுபடி உடைந்து, படிப்படியாக ஆற்றல் இறங்கிவிடும். நியூட்ரினோ எதையும் சட்டை செய்யாமல் நேராக வெளியே வந்துவிடும். எக்ஸ் கதிரோடு முடிந்துவிட்டது என்று நாம் ஒதுக்கிய கரோனா, தாரையே தேவைப்படாமல் லட்சம் கோடி எலக்ட்ரான்வோல்ட் வேலையைத் திரைமறைவில் செய்துகொண்டிருக்கிறது போலிருக்கிறது.

உடைந்து இறங்கிய அந்த ஆற்றல், கணக்குப்படி, பத்து லட்சம் எலக்ட்ரான்வோல்ட்டை ஒட்டிய பட்டையில் வெளியே கசிய வேண்டும். எக்ஸ் கதிர்க் கருவிகளுக்கு அது எட்டாத உயரம், ஃபெர்மிக்குக் குனிந்தாலும் எட்டாத பள்ளம். 2000இல் காம்ப்டன் விண்கலத்தைக் கடலில் இறக்கிய பிறகு அந்தப் பட்டையில் நல்ல கண் எதுவும் இல்லை. நாசாவின் கோசி என்ற சிறிய விண்கலத்தை 2027இல் ஏவத் திட்டமிட்டிருக்கிறார்கள். அது பார்க்கப்போவது சரியாக அந்த இடைவெளியைத்தான்.